மாயக் கதையும் மேசை விளையாட்டும்

1974இல் அமெரிக்காவில் கேரி கைகெக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. நாலைந்து பேர் மேசையைச் சுற்றிக் குந்துவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வீசிய வாள் பட்டதா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும்.

இதன் சரக்கில் பெரும்பகுதி மாயக் கதைகளிலிருந்து எடுத்ததுதான். ஜாக் வான்ஸின் கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனனம் செய்துவைப்பான். ஒருதரம் ஓதினால் அது நினைவை விட்டே போய்விடும். கைகெக்ஸ் அதையே விதியாக்கினார். டொல்கீனின் ஹொபிட்டுகளும் வந்தார்கள். உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததும் 'ஹாஃப்லிங்' ஆனார்கள். நம்ம இப்ரீத்தையும் விட்டுவைக்கவில்லை. 1979இல் கதை நடத்துபவருக்கென்று வந்த நூலின் அட்டையிலே நிற்கிறது. கதை கேட்டவர்களைக் குலைநடுங்க வைத்த இப்ரீத், இங்கே எத்தனை அடி தாங்கும் என்ற கணக்காகிவிட்டது. எனக்கு இதில் மனக்குறைதான்.

பிறகு விளையாட்டிலிருந்தே நாவல்கள் வரத்தொடங்கின. மார்கரட் வைஸும் ட்ரேசி ஹிக்மனும் எழுதிய 'ட்ராகன்லான்ஸ்' நாவல்கள் 1984 முதல் வெளிவந்தன. இந்த வகை எழுத்தில் பலதும் ஒரே அச்சு: ஒரு கூட்டம், ஆளுக்கொரு திறமை, சண்டைக்கு மேல் சண்டை. பகடை உருளும்போது மேசையில் இருக்கிற பதற்றம் தாளில் வருவதில்லை. முடிவு எழுத்தாளன் கையில் என்பது வாசகனுக்குத் தெரியுமே.

ரேமண்ட் ஃபீஸ்ட் இதில் கெட்டிக்காரர். 'மெஜிஷியன்' (1982) நாவலின் உலகம் நண்பர்களோடு ஆடிய ஆட்டத்தில் உருவானது. ஆனால் ஆடியதை அவர் எழுதவில்லை; ஆட்டம் நடக்கும் காலத்துக்குப் பலநூறு ஆண்டுகள் முந்திய கதையை எழுதினார்.