சான்றிதழ் இருக்கிறது, ஏர்த் இருக்கிறதா?

அக்கரைப்பற்றில் கல்வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மகளை நினைத்தே கட்டுகிறார்கள். வாப்பாவின் வெளிநாட்டு உழைப்பு, உம்மாவின் நகை, சீட்டுக் காசு எல்லாம் அந்தச் சுவருக்குள் போகும். டைல்ஸ் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். வயரிங் என்று வந்ததும் ஒரே ஒரு கேள்வி: "தம்பிட்ட சேர்டிபிகேட் இருக்கா?" கத்தாரிலும் பிறகு ஊரிலும் இந்தத் தொழிலையே செய்து பிழைக்கிற எனக்கு, சனங்கள் இப்படிக் கேட்கத் தொடங்கியது சந்தோஷம். முன்பெல்லாம் இதைக்கூடக் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

நம் ஊரில் சேர்டிபிகேட் என்றால் அனேகமாக என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைதான். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதற்குப் பொறுப்பு. மொத்தம் ஏழு மட்டங்கள். முதல் நான்கு சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். பயிற்சி நிலையத்தில் படித்தும் எடுக்கலாம். படிக்காமல் வேலைத்தளத்திலேயே பழகியவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி உண்டு: செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டி எடுக்கலாம். இந்த இரண்டாவது வழி நம் பகுதிக்கு ஒரு வரம். ஓ.எல். தாண்டாத எத்தனையோ கைகாரர்களுக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு தாள் கிடைப்பது இதனால்தான்.

இப்படியான தாளின் பெறுமதி கடல் கடந்தும் ஏறிவிட்டது. சவூதி அரேபியா, தொழிலாளி தன் நாட்டிலேயே திறன் பரீட்சையில் தேறிவிட்டு வரவேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் எல்லாரும் அதற்குள் அடக்கம்.

சரி, பரீட்சையில் தேறியவருக்கு வேலை தெரியும் என்று நம்பலாமா?

முதலில் பரீட்சையின் பக்கம் நின்று பேசவேண்டும். "நான் இதில் தலை நரைத்தவன், என்னை யார் சோதிப்பது" என்று சொல்லும் பாஸ்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் சுவிட்சை லைவில் வைக்காமல் நியூட்ரலில் வைத்துப் பழகியவர்கள். அப்படிச் செய்தாலும் சுவிட்சைப் போட்டால் பல்ப் எரியும், நிறுத்தினால் அணையும். வீட்டுக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பல்ப் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும், பல்ப் மாற்றக் கை வைக்கிறவரின் உயிருக்கு உலை. எனக்குத் தெரிந்த ஒரு மூத்த பாஸ் முன்கற்றல் மதிப்பீட்டுக்குப் போன இடத்தில்தான் இந்தப் பழக்கத்தை விட்டார். அனுபவம் மட்டும் போதும் என்கிற வாதம் எனக்கு ஒத்துவராது. கண்காணிக்க ஆளில்லாத அனுபவத்தில் பிழையும் சேர்ந்தே ஊறிவிடும்.

இனி மறுபக்கம். போன கோடையில், கச்சான் காற்று அடித்து மண் பொடியாய்க் கிடந்த நேரம், கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வோஷிங் மெஷினைத் தொட்டால் அந்த வீட்டு உம்மாவுக்கு விரல் கூசுகிறதாம். வயரிங் செய்த தம்பியும் வந்திருந்தார். நான்காம் மட்டச் சான்றிதழ்காரர், வேலையும் அவ்வளவு துப்புரவு. டி.பி. பெட்டிக்குள் ஒவ்வொரு வயரும் அதனதன் நிறத்தில், ஒவ்வொரு திருகாணியும் இறுக்கம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினார். டக்கென்று விழுந்தது.

"பாருங்க காக்கா, ட்ரிப் நல்லா வேல செய்யுது. ஏர்த்தும் குடுத்திருக்கன்."

"ஏர்த்த அளந்தீங்களா தம்பி?"

"அளக்கல்ல காக்கா. நாங்க பழகின இடத்துல போர்ட்லயே ஏர்த் டேர்மினல் ரெடியா இருக்கும். அதுல கொண்டுபோய் முடிக்கிறதுதான்."

சுவரோரத்து மணலை விலக்கிப் பார்த்தோம். நாலடி ரொட். அதன் தலையிலிருந்த கிளாம்ப் உப்புக்காற்றில் பச்சை பூத்து அரித்துப்போய், தொட்டதும் வயர் கையோடு வந்தது.

டெஸ்ட் பொத்தானைப் பற்றி வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பொத்தானை அமுக்கும்போது சுவிட்ச் தனக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கித் தன்னைச் சோதித்துக்கொள்கிறது. ஏர்த் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் ஏர்த்தே இல்லாவிட்டாலும் பொத்தான் வேலை செய்யும். வீடுகளில் வைக்கும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியாம்பியர் கசிவுக்கு விழும்படி செய்யப்பட்டது. அந்த மெஷினின் கசிவு அதைவிடக் குறைவு. மண்ணுக்குப் போக வழியில்லாததால் அது மெஷினின் உடம்பிலேயே நின்று, தொட்டவரின் விரலைக் கூசவைத்தது.

பரீட்சையும் அந்தப் பொத்தான் போலத்தான். சோதிக்க வேண்டியதில் ஒரு பகுதியைச் சரியாகவே சோதிக்கிறது. பிழை, அதைக் கொண்டு முழு வீட்டுக்கும் நற்சாட்சி சொல்லும் நம்மிடம் இருக்கிறது.

இலங்கையில் வீட்டுக்கு வீடு தன் ஏர்த்தைத் தானே மண்ணில் அடித்துக்கொள்கிறது. ஆகவே மண்ணும் வயரிங்கின் ஒரு பகுதி. அக்கரைப்பற்றுக்கு மேற்கே வயல் பக்கம் ஈரக் களிமண், அங்கே ஏர்த் எளிதில் பிடிக்கும். கிழக்கே கடற்கரை மணல் மாரியில் நனைந்திருக்கும்போது ஏர்த்தின் தடையைக் குறைவாகக் காட்டும், கோடையில் காய்ந்ததும் தடை ஏறிவிடும். ஏர்த் 100 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைவ் வயர் ஒன்று மெஷினின் உடம்பில் பட்டால் மண்ணுக்குள் ஓடக்கூடியது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது. ஏர்த் இருந்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடு பாதுகாப்பில்லை என்பது இதனால்தான். ட்ரிப் சுவிட்ச் இருந்தும் ஏர்த் அறுந்த வீட்டில், தொடுகிற மனிதரின் உடம்பே கரண்ட் மண்ணுக்குப் போகும் வழியாகிறது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். வளவுக்குள் நின்று காலடி மண்ணைப் பார்த்ததும் இந்தக் கணக்கு நினைவுக்கு வருவது வேறொரு படி.

இந்தப் படிகளைப் பற்றி ஜோர்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் எழுதினார். டொக்டர்மாரை மனதில் வைத்து எழுதினாலும் எங்கள் தொழிலுக்கும் அப்படியே பொருந்தும். அறிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று அறிந்திருப்பது, செய்துகாட்டுவது, ஆள் பாராத நேரத்திலும் அன்றாடம் செய்வது என்று நான்கு படிகள். எழுத்துப் பரீட்சை முதல் இரண்டைப் பிடிக்கும். செய்முறைப் பரீட்சை மூன்றாவதைத் தொடும். நான்காவதை எந்த மண்டபத்திலும் சோதிக்க முடியாது. ஜெர்மனியில் மின்தொழில் பழகும் பிள்ளை மூன்றரை வருடம் கம்பனி வேலையிலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கழித்தே தகுதித் தாளைப் பெறுகிறது. அந்தத் தாளுக்குக் கனம் கொடுப்பது, தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பழகிய அந்தக் காலம்தான்.

நம்மிடமும் அப்படிப்பட்ட காலத்தைக் கொடுக்கும் பாஸ்மார் இருக்கிறார்கள், ஓடாவிமாரும் மேசன்மாரும்கூட. சான்றிதழ் எடுத்த பையனை ஒரு கோடையும் ஒரு மாரியும் அவர்களுடன் வேலைக்கு அனுப்பலாம். ஒரு வருடம் கழித்து, அவன் வயரிங் செய்த ஒரு வீட்டை மதிப்பீட்டாளர் போய்ப் பார்க்கலாம். அதிகச் செலவில்லாத காரியம், பொறுப்பிலுள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

அந்தத் தம்பி அன்று பின்னேரமே நீளமான ரொட் வாங்கிவந்தார். கிணற்றுத் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, புதுக் கிளாம்ப் போட்டு, என் மீட்டரைக் கேட்டு வாங்கித் தானே அளந்தார். இப்போது மீட்டர் இல்லாமல் வேலைக்குப் போவதில்லை.

வீடு கட்டுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சேர்டிபிகேட் இருக்கா என்று கட்டாயம் கேளுங்கள். வேலை முடிந்த அன்று ஏர்த்தை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லி, அளவையும் தேதியையும் அளந்தவர் பெயரையும் எழுதி டி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஓகஸ்ட்டில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அவரையே கூப்பிட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். 200 ஓமைத் தாண்டினால் ரொட்டை இன்னும் ஆழமாக இறக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.