மனநலப் பணியும் சமூக ஏற்பும்

திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை என்பது ஓர் இடத்தின் பெயர் மட்டுமன்று. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரைப் போல, ஒருவரை எள்ளி நகையாடவும் அது பயன்படுகிறது. அங்குள்ள அரசு மனநல மையத்தின் வரலாறு 1870-இல் தொடங்குகிறது. இத்தகைய நிலையங்களில் நோயாளிகள் நெடுங்காலம் ஊராரிடமிருந்து பிரித்தே வைக்கப்பட்டனர். நோயினும் கொடியதாக அந்தப் பிரிவினை நிலைத்துவிட்டது.

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் நடைபெற்றது. கேரளமும் தமிழ்நாடும் அவற்றுள் அடங்கும். வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை.

இதற்குக் காரணம் என்ன? அச்சமும் அறியாமையும் ஒருபுறம், செலவு மறுபுறம். மருந்து இலவசமாயினும் பயணம் இலவசமன்று. நோயாளியோடு துணைக்கு வருபவரும் அன்றைய கூலியை இழக்கிறார். மருத்துவமனை தொலைவில் இருந்தால், சற்றுக் குணம் கண்டதும் சிகிச்சை நின்றுபோகிறது. நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

எனவேதான் மருத்துவத்தை மக்களிடம் கொண்டுசெல்லும் முறை உருவாயிற்று. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் களப்பணியாளருக்கும் பயிற்சி அளிப்பதே இதன் அச்சாணி. 1999-இல் திருவனந்தபுரம் மாவட்டமும் இத்திட்டத்தின் கீழ் வந்தது.

ஆயினும், மருந்து எட்டிய இடமெல்லாம் சமூக ஏற்பும் எட்டிவிடுவதில்லை. குணமடைந்தவரை அழைத்துச் செல்ல வீட்டார் வராவிடில், மருத்துவமனையே அவருக்கு வீடாகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதை ஏற்கவில்லை. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ மட்டும் எவரையும் நிலையத்தில் வைத்திருத்தல் கூடாது. இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் அமைப்பது அரசின் கடமை என அது கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயால் இயலாமை உற்றோரையும் அரசுப் பணி ஒதுக்கீட்டில் சேர்த்துள்ளது.

ஆகவே, ஆய்வாளரும் அதிகாரிகளும் படுக்கைகளையும் மாத்திரைகளையும் எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. குணமடைந்தவர்களுள் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினர், எத்தனை பேர் சொந்தக் கூரையின் கீழ் உறங்குகின்றனர் என்பவையும் கணக்கில் வரவேண்டும். அக்கணக்கு எடுக்கப்படும் நாளில்தான், செலவிட்ட பணத்தின் பயனை நாம் சரியாக அறிந்தவராவோம்.