உங்களுக்குத் தெரியுமா? ஃபெரட்டுக்குப் பழைய பேன்ட்டே போதும்!

நீர்நாய்க்கு உறவான ஃபெரட்டை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் செல்லமாக வளர்க்கிறார்கள். ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். விழித்துவிட்டாலோ வீடே இரண்டுபடும்! அதற்காகக் கடை பொம்மை தேடி அலைய வேண்டியதில்லை. வளைக்குள் புகுந்து முயலை விரட்டப் பழக்கிய இனம் என்பதால், குழாய் போல எதைக் கண்டாலும் தலையை நுழைக்கும். பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டித் தரையில் போட்டால் அதுவே சுரங்கம். துணிப் பந்து கொடுத்தால், ஆடி முடித்துவிட்டு சோபாவுக்கு அடியில் பதுக்கியும் வைக்கும். டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டை உருளை என்றால் நீளவாக்கில் கீறிவிட வேண்டும். இல்லையென்றால் தலை மாட்டிக்கொள்ளும். ரப்பரும் ஸ்பாஞ்சும் கூடவே கூடாது. கடித்து விழுங்கிய துண்டு குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் குழாய் மோகம் இயற்பியலுக்கும் உதவியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இன்று ஃபெர்மிலேப் எனப்படும் ஆய்வகத்தில், 1971இல் ஃபெலிசியா என்ற ஃபெரட் நூலை இழுத்துக்கொண்டு நீண்ட உலோகக் குழாய்களுக்குள் ஓடியது. அந்த நூலில் துடைப்பானைக் கட்டி இழுத்துத்தான் குழாய்களைச் சுத்தம் செய்தார்கள்.