சோபாவுக்கு மேட்ச் ஆகுமா, ஸார்?

"படம் பிரமாதம் தம்பி! ஆனா, ஒரு சின்ன விஷயம்..." என்று அவர் இழுத்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"இந்த மஞ்சள் எங்க ஹால் சோபாவோட ஒத்துப் போகலையே. இப்ப எல்லாரும் சாம்பல் கலர்தான் போடறாங்க. பின்னாடி சுவத்தை மட்டும் சாம்பலாக்கிக் குடுங்களேன்!"

திருக்கோகர்ணத்தில் வீடு, புதுக்கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓவியன் - இதுதான் நான். அந்தப் படத்தில், பிரகதாம்பாள் கோயில் வாசலில் துண்டை விரித்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் மாலை வெயில் பட்ட மஞ்சள் சுவர். பெரியவர் வேறு யாருமில்லை, காலமாகிவிட்ட என் அப்பா. 'அப்பாவையா விற்பாய்?' என்று கேட்காதீர்கள். மாசக் கடைசி.

ஒரே ராத்திரியில் மஞ்சளைச் சாம்பலாக்கினேன். அக்ரிலிக் பெயின்ட்... காய்ந்தால் காய்ந்ததுதான். மறு வாரம் போன் வந்தது. "ஸாரி தம்பி, சோபாவையே மாத்திட்டோம். இப்ப பச்சை!"

படம் பரணுக்குப் போயிற்று. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது!

அன்றைக்குத்தான் இந்தக் கலர் ஃபேஷன் சமாசாரத்தைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அமெரிக்காவில் பான்டோன் என்று ஒரு கம்பெனி. 2000-ஆம் வருஷத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு கலரை 'இந்த வருஷக் கலர்' என்று அறிவிக்கிறது. 2024-க்கு 'பீச் ஃபஸ்'. 2025-க்கு 'மோக்கா மூஸ்' - நம் பாஷையில் டிகாஷன் தூக்கலான காபி! 2026-க்கு 'கிளவுட் டான்ஸர்' என்று ஒரு வெள்ளை. நம்மூர் கதர்க் கடையில் அது எப்பவோ வந்தாச்சு! இங்கே ஏஷியன் பெயின்ட்ஸும் வருஷத்துக்கு ஒரு கலரை அறிவிக்கிறது.

சிரிக்கலாம். ஆனால் ஒதுக்க முடியாது. துணி, சுவர் பெயின்ட், சோபா செய்கிறவர்களில் பலர் இந்த அறிவிப்புகள்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். நம் படம் கடைசியில் போய்த் தொங்கப்போவது அந்தச் சுவரில்தானே! ஆக, கலர் ஃபேஷன் என்பது வாடிக்கையாளர் வீட்டு விலாசம். விலாசம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. அங்கேயே குடிபோவதுதான் தப்பு.

படம் வரைந்து நாலு காசு பார்க்க நினைக்கும் தம்பிகளே, நான் அடிபட்டுக் கற்றது இது:

பெயின்ட் கடையில் ஷேட் கார்டு இலவசம். வாங்கி வையுங்கள். தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடை ஜன்னலை நின்று பாருங்கள். (பக்கத்தில் மனைவி இல்லாதபோது பார்ப்பது பர்ஸுக்கு நல்லது!) அந்த வருஷத்துக் கலரில் பெரிய படம் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளங்கை அகலத்தில் நாலு சின்னப் படம் போடுங்கள். விற்றால் லாபம், விற்காவிட்டால் பிறந்தநாள் பரிசு.

புதுக் கலரைப் படத்தின் உயிரில் வைக்காதீர்கள். சட்டத்தில் வையுங்கள், சட்டத்துக்குள் வைக்கும் மவுன்ட் அட்டையில் வையுங்கள். ஃபேஷன் போனால் சட்டம் மட்டும் போகும். வாங்குகிறவரிடம் அவர் வீட்டுச் சுவரை போட்டோ கேளுங்கள். "இந்தச் சுவருக்கு இது எடுக்கும் ஸார்" என்று சொன்னால் பாதி வியாபாரம் முடிந்தது.

முடித்த படத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வேறு கலர் கேட்டால் வேறு படம், வேறு விலை, பாதிப் பணம் அட்வான்ஸ். இன்னொன்று: கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் கலர்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். வெளுத்த படத்தை வாங்கியவர் இரண்டாவது படம் வாங்க வரமாட்டார்.

'கலைஞன் கடைக்காரன் ஆகலாமா?' என்று உறுத்துகிறதா? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பாத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கித்தான் 1966-ல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. துணி வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அதனால் ஓவியம் யாருக்கும் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு கை சந்தைக்கு, ஒரு கை மனசுக்கு!

மனசு சரியில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சித்தன்னவாசல் போனேன். எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. குகைக் கோயில் விதானத்தில் அந்தத் தாமரைக் குளம். மீன், யானை, பூப்பறிக்கும் ஆள்... ஒன்பதாம் நூற்றாண்டு வேலை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு மரக்கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண். நிறையச் சிதைந்துவிட்டது. ஆனாலும் மிச்சமிருக்கிற தாமரை இன்னும் தாமரையாகத்தான் இருக்கிறது. எந்த சோபாவைக் கேட்டு அந்த மனுஷன் வரைந்தான்?

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து படத்தை இறக்கினேன். சாம்பல் சுவருக்கு மேல் மறுபடி மஞ்சள் பூசினேன். பழைய மஞ்சள் வரவில்லை. எத்தனை கலந்தாலும் அந்த மாலை வெயில் வரவே இல்லை. கொஞ்சம் அழுக்கான மஞ்சள்தான் வந்தது.

மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள். "மாமா வேட்டியில எப்பவும் இருக்குமே பழுப்பு, அது மாதிரி இருக்குங்க. இருக்கட்டும்" என்றாள். அவளே ஆணியடித்து ஹாலில் மாட்டினாள்.

அதற்கப்புறம் ரெண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். கொடுப்பதாக இல்லை. எங்கள் ஹாலில்தான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

எங்கள் வீட்டில் சோபா கிடையாது ஸார்... பாய்தான்!