ஹைதராபாத் வானில் வெள்ளைத் தட்டு

2022 டிசம்பர் 7 காலை ஹைதராபாத் வானத்தில் வெள்ளையாக ஒரு தட்டு. பறக்கும் தட்டா என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. அது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன்.

இத்தகைய பாலித்தீன் பலூன்கள் 30 கிலோமீட்டருக்கும் மேலே போகும். அங்கே காற்றழுத்தம் மிகக் குறைவு. உள்ளிருக்கும் வாயு விரிய, பலூன் பிரம்மாண்டமாக உப்பிவிடும். 35 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் நமக்குச் சுமார் 25 நிமிடம் முன்பே உதித்துவிடும். கீழே இருட்டு, மேலே வெயில்! விடியுமுன் பலூன் விளக்காக ஒளிர்வது இதனால்தான்.

வானில் வெளிச்சம் கண்டால் நேரத்தையும் திசையையும் உடனே குறியுங்கள். வெறும் வீடியோ போதாது. சிமிட்டினால் பெரும்பாலும் விமானம். வரிசையாக ஊர்ந்தால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். நாள்தோறும் மேற்கிலோ கிழக்கிலோ தெரிந்தால் வெள்ளிக் கோளாக இருக்கலாம். பைனாகுலரில் உருண்டை தெரிந்தால் பலூனாக இருக்கலாம்.