பால்கோவா கடல் தாண்டுமா?
பிள்ளைகளைப் பார்க்க முதல்முறை வெளிநாடு கிளம்பும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாள் தாங்கும்?" என்பதுதான். பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டிய பண்டம்; வெளியே வைத்தால் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. போகிற நாட்டுக்குள் இதை விடுவார்களா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இன்று நிறைய. சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி எப்போதோ கடல் கடந்துவிட்டது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பின்னால் போனார்கள். இப்போது அவர்களைப் பார்க்க, அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக விமானம் ஏறும் அம்மா அப்பாக்களின் முறை. விசா வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள் வேறு இரண்டு: பாஸ்போர்ட்டில் அச்சான பெயர், பெட்டிக்குள் வைத்த பொட்டலம்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். உலகத்துப் பாஸ்போர்ட் படிவங்கள் இதை நினைத்து உருவானவை அல்ல. அவற்றில் இரண்டு கட்டங்கள்: ஒன்று சொந்தப் பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. இனிஷியலை அப்படியே எழுதவும் முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார். இன்னொருவர் அந்தக் கட்டத்தையே காலியாக விட்டுவிடுகிறார். கணவன் ஒரு மாதிரி, மனைவி ஒரு மாதிரி என்று ஒரே வீட்டில் இரண்டு வகையும் உண்டு.

காலியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று மூன்று எழுத்து அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பார்த்துப் பதற வேண்டாம், விசா செல்லும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கதை வேறு. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் உள்ளே விடமாட்டோம் என்று அந்த நாடு அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு ஒரு தளர்வு வந்தது. அந்தத் தளர்வு எல்லா வகை விசாவுக்கும் பொருந்தும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். துபாய் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் 'ராஜா' என்று முடியும் பெயர்கள் ஏராளம். அந்த 'ராஜா' பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகவும், பான் அட்டையில் சொந்தப் பெயரோடு ஒட்டியும், ஆதாரில் இனிஷியலோடும் இருந்தால், ஒரே மனிதர் காகிதத்தில் மூன்று மனிதராகத் தெரிவார். புதிதாக பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி எல்லா அட்டைகளையும் ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். பிறந்த தேதிக்கும் இதே சோதனை வேண்டும். பழைய ஆதார் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். திருத்தம் எல்லாம் முதலில், விண்ணப்பம் அதற்குப் பிறகு.

விருதுநகர் மாவட்டம் மதுரை வட்டாரப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ரூ.1,500, தட்கல் என்றால் இன்னொரு ரூ.2,000. அறுபது வயதைக் கடந்தவர்கள் புதிதாக எடுக்கும்போது கட்டணத்தில் 10 சதவீதம் சலுகை உண்டு. பத்தாம் வகுப்பு படிக்காத பெரியவர்களைப் பயமுறுத்த 'குடியேற்றச் சோதனை' என்ற முத்திரையைப் பற்றி யாராவது சொல்வார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு.

விசா வேறு, தங்கும் நாள் வேறு

அமெரிக்க வருகையாளர் விசா பத்து ஆண்டுக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறோம். பத்து ஆண்டும் தங்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும் விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி 'ஐ-94' என்ற பதிவில் இருக்கும். இறங்கிய அன்றே மகனை இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூடினாலும் அடுத்த பயணத்துக்கு அது தடையாகலாம்.

விசாக் கட்டணம் 185 டாலர். முன்பு 79 வயதைக் கடந்தவர்கள் நேர்காணல் இல்லாமல் விசா வாங்க வழி இருந்தது. 2025 செப்டம்பர் முதல் அவர்களும் நேரில் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய்வருவதற்கு உடம்பு ஒத்துழைக்குமா என்பதையும் கணக்கில் வைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: சென்னைத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம். யாரோ மனப்பாடம் செய்யச் சொன்ன ஆங்கில வாக்கியங்களைவிட, "பேத்தி பிறந்திருக்கிறாள், பார்க்கப் போகிறேன்" என்று தமிழில் சொல்லும் உண்மை நன்றாக நிற்கும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு இன்னும் கறார். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்கா காப்பீடு கேட்பதில்லை. ஆனால் அங்கேதான் அது அதிகம் தேவை. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களால் வரும் செலவு சேருமா என்று எழுத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. ஆனாலும் அங்கே போகிறவர்கள் வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். சிங்கப்பூருக்கும் அப்படி ஒரு அட்டை வேண்டும், தாய்லாந்திலும் 2025 மே முதல் அதே நடைமுறை. மூன்று நாட்டிலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றிலும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் இல்லை. விசா இல்லாத நாட்டிலும் திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, கைச்செலவுக்குப் பணம் மூன்றும் கையில் இல்லையென்றால் திருப்பி அனுப்ப அதிகாரிக்கு உரிமை உண்டு.

பெட்டி கட்டும் இரவு

இனி பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். ஆண்டாளின் ஊர் என்றவுடன் நாக்கு நினைக்கும் ருசி. பிள்ளைக்கு அதைக் கொண்டுபோகாமல் எந்த அம்மா கிளம்புவாள்? ஆனால் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதைப் பால் பொருளாகவே பார்க்கின்றன. இந்தியாவிலிருந்து பயணி கொண்டுவரும் பால் பொருளுக்கு அங்கே அனுமதி இல்லை.

காரணம் கோமாரி நோய். நம் ஊரில் மாட்டுக்குக் கோமாரி வந்தால் வாயிலும் குளம்பிலும் புண் வரும், பால் குறையும். ஊசி போட்டு, பார்த்துத் தேற்றுவோம். இந்தியாவில் அது இன்னும் ஒழியவில்லை. 2019இல்தான் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டமே தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு அந்த நோய் இல்லை. பிரிட்டனில் 2001இல் ஒருமுறை புகுந்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். சட்டத்துக்குப் புறம்பாக வந்த இறைச்சியின் கழிவு, பன்றித் தீவனத்தில் கலந்ததிலிருந்து அது தொடங்கியிருக்கலாம் என்பதே விசாரணையில் வந்த முடிவு. ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கோபப்படும் முன் அந்த எண்ணிக்கையை நினைத்துப் பார்க்க வேண்டும். "காய்ச்சிக் கிண்டியதுதானே" என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் எந்தச் சூட்டில் எத்தனை நேரம் காய்ந்தது என்பதைக் கவுன்டரில் நிற்கும் அதிகாரியால் சோதிக்க முடியாது.

இதே நியாயம் கறிவேப்பிலைக்கும் பொருந்தும். எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் வாழும். 2005இல் ஃபுளோரிடாவில் தென்பட்ட அந்த நோய் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தை அமெரிக்கா தடுப்பது அதனால்தான். ராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்களும் கூட ஊரிலேயே இருக்கட்டும். பழ ஈ இருந்ததற்காக 2014 மே மாதம் இந்திய மாம்பழ இறக்குமதியையே ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி, 2015இல்தான் மறுபடி திறந்தது.

துபாய்க்குப் போகிறவர்கள் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவை மறந்தும் எடுக்கக் கூடாது. ஓபியம் தரும் செடியின் விதை என்பதால் அங்கே அது போதைப்பொருள் குற்றம். சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் உள்ள கோடீன், டிரமடால் இரண்டுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. எந்த நாடானாலும் மாத்திரையை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.

சிவகாசி பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: பேரனுக்கு ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு என்றால்கூட விமானத்தில் ஏற்ற முடியாது. கொப்பரைத் தேங்காயும் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள் கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கி வைத்தால், திரும்பி வரும்போது எங்கே வாங்கியது என்ற கேள்வி எழாது. நம் ரூபாய் நோட்டு 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம்.

அப்படியானால் என்னதான் கொண்டுபோவது? சாத்தூர் காராச்சேவு, கருப்பட்டி, சுக்கு, வீட்டில் அரைத்த சாம்பார்பொடி. நன்றாக உலர்ந்தது, பாலோ இறைச்சியோ விதையோ சேராதது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிய பொட்டலம். இவை பெரும்பாலான நாடுகளில் பிரச்சினை இல்லாமல் போய்ச் சேரும்.

ஊர்ப் பிள்ளைகள் சிலர் ராஜபாளையம் நாயையே அழைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். 2005இல் தபால்தலையில் வந்த நாய், கேட்கத்தான் செய்வார்கள். பிரிட்டனுக்கு என்றால் மைக்ரோசிப், பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அது தேறினாலும் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது. கோடையில் சரக்கு அறையில் அவ்வளவு தூரம் அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இந்த விதிகள் எல்லாம் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தையும் சுங்கத் துறையின் தளத்தையும் பிள்ளைகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் சொன்னது, பக்கத்து வீட்டார் போன வருடம் செய்தது இரண்டும் உதவாது. நியூசிலாந்தில் அறிவிக்காமல் வைத்திருந்த ஒரு பழத்துக்கே அங்கேயே 400 டாலர் அபராதம். ஆஸ்திரேலியா 2019இல், உணவை மறைத்துக் கொண்டுவந்த ஒருவரின் விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அறிவித்தவர்களிடம் அதிகபட்சம் பொருளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அபராதம் மறைத்தவர்களுக்குத்தான். எனவே உணவுப் பொருள் ஏதும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று படிவம் கேட்டால், பெட்டியில் இருப்பது கால் கிலோ காராச்சேவு மட்டும் என்றாலும், 'ஆம்' என்று குறியிடுங்கள்.