கரியமில வாயுக் குழாய் உடைந்தால் நிவாரணம் யார் பொறுப்பு?

பெங்களூரு: மின் நிலையங்கள், உருக்காலைகள், சிமெண்ட் ஆலைகள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள் ஆகிய 5 துறைகளின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தவும் சேமிக்கவும் 5 ஆண்டுகளில் ரூ.20 ஆயிரம் கோடி ஒதுக்கப்படும் என்று 2026-27-ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பருவநிலை மாற்றத்தைத் தடுக்கும் முயற்சியில் இது முக்கியமான அறிவிப்பு. ஆனால், பிரித்தெடுத்த வாயுவை எடுத்துச் செல்லும் குழாய் உடைந்தால் பாதிக்கப்படும் மக்களுக்கான நிவாரணப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நடப்பில் உள்ள சட்டங்களில் தெளிவான விடை இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்தில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. நாட்டில் இதற்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் அறிவித்த 2 தேசிய சிறப்பு மையங்களில் ஒன்று, ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமைந்தது. மற்றொன்று மும்பை ஐ.ஐ.டி.யில் உள்ளது. தமிழகத்தில் தூத்துக்குடி ஆல்கலி ரசாயன ஆலை, தனது கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்பு தயாரிக்கும் முறையை 2016-இலேயே தொடங்கிவிட்டது.

பிடித்த இடத்திலேயே வாயுவைப் பயன்படுத்தினால் நீண்ட குழாய் தேவையில்லை. ஆனால் எல்லா ஆலைகளுக்கும் அது சாத்தியமல்ல. குஜராத்தில் கோயலி சுத்திகரிப்பு ஆலையின் கரியமில வாயுவை காந்தார் எண்ணெய் வயலுக்குக் கொண்டு சென்று பூமிக்குள் செலுத்த இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி. நிறுவனங்கள் 2019-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தகைய திட்டங்கள் பெருகும்போது குழாய்களும் ஊர்களையும் வயல்களையும் கடந்தே செல்ல வேண்டியிருக்கும்.

சத்தமின்றிச் சூழும் ஆபத்து

கரியமில வாயு தீப்பற்றாது; நிறமும் மணமும் இல்லாதது. எனவே ஆபத்தற்றது என்று கருதிவிடக் கூடாது. காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனமான இந்த வாயு, கசிந்தால் மேலே கலைந்து செல்லாமல் தாழ்வான இடங்களில் தேங்கும். மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்படும். அளவு கூடினால் உயிர் பிரியும். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் 1986 ஆகஸ்ட் 21 இரவு நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாக வெளிப்பட்ட கரியமில வாயு, சுமார் 1,700 பேரின் உயிரைப் பறித்தது.

குழாய் விபத்துக்கான உதாரணம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ளது. 2020 பிப்ரவரி 22-ஆம் தேதி சடார்ஷியா கிராமத்தின் அருகே கரியமில வாயுக் குழாய் உடைந்தது. கனமழையால் மண் சரிந்ததே காரணம். சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். பிராணவாயு குறைந்ததால் கார்களின் எஞ்சின்கள் நின்றுபோயின. உயிர்ச்சேதம் இல்லை என்றாலும், தப்பிக்கவும் காப்பாற்றவும் வாகனமே உதவாத நிலையை அந்த ஊர் கண்டது. உள்ளூர் மீட்புப் பணியாளர்களுக்கு நிறுவனம் உடனடியாகத் தகவல் தரவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது.

நிவாரணம் என்பது இறந்த பிறகு தரப்படும் காசோலை மட்டுமல்ல என்பதையே இந்த விபத்து உணர்த்துகிறது. சுவாசக் கருவிகள், வாயு அளவு காட்டும் கருவிகள், மருத்துவமனைகளில் பிராணவாயு, தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி ஆகிய அனைத்துக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும்.

ஆந்திரத்தில் கிடைத்த பாடம்

இந்தியாவில் குழாய் விபத்து நிவாரணம் எப்படி முடிவாகிறது என்பதற்கு ஆந்திர மாநிலம் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நடந்த விபத்து சான்று. அங்குள்ள நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 அதிகாலை கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கசிந்து வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு கெயில் ரூ.20 லட்சம், மாநில அரசு ரூ.3 லட்சம், மத்திய அரசு ரூ.2 லட்சம் என ரூ.25 லட்சம் அறிவிக்கப்பட்டது. 6 ஆண்டுகள் கழித்து, 2020 மே 7-இல் விசாகப்பட்டினம் ரசாயன ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தபோது, அதே மாநில அரசு அறிவித்த தொகை தலா ரூ.1 கோடி.

இந்தத் தொகைகள் எவையும் சட்டத்தின் அட்டவணையிலிருந்து வந்தவை அல்ல. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், உயிரிழப்புக்கு நிர்ணயித்த உடனடி நிவாரணம் ரூ.25 ஆயிரம், மருத்துவச் செலவுக்கு அதிகபட்சம் ரூ.12,500, சொத்துச் சேதத்துக்கு ரூ.6 ஆயிரம். அமைச்சர் அறிவித்தால் லட்சங்கள் அல்லது கோடி, சட்டம் சொன்னது ஆயிரங்கள் என்பதே பல ஆண்டுகள் நீடித்த நிலை. கேமராக்கள் செல்லாத சிறிய ஊரில், சிலர் மட்டுமே பாதிக்கப்பட்டால் எந்தத் தொகை கிடைக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்தச் சட்டத்தின் சிறப்பு. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தாலே போதும். ஆலை உரிமையாளர் காப்பீட்டு பிரீமியத்துக்குச் சமமான தொகையை சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் செலுத்த வேண்டும். 2008-ஆம் ஆண்டு திட்டத்தில் இந்நிதியை நிர்வகிக்கும் பொறுப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அபாயகரமானவை என மத்திய அரசு அறிவிக்கும் பொருள்களுக்கே இச்சட்டம் பொருந்தும் என்பதால், குழாயில் செல்லும் கரியமில வாயுவுக்கும் இது உண்டு என்பதை ஐயமின்றி எழுத வேண்டியது அவசியம்.

பேரிடர் நிதியும் கைகொடுக்காது

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலும் இதே சிக்கல். 2022-26-ஆம் ஆண்டுகளுக்கான விதிமுறைகளில் புயல், வறட்சி, நிலநடுக்கம், வெள்ளம், தீ உள்ளிட்ட பேரிடர்களில் இறந்தோருக்கு ரூ.4 லட்சம் வழங்க வகை செய்யப்பட்டது. தொழிற்சாலை விபத்தோ வாயுக் கசிவோ அப்பட்டியலில் இல்லை. எரிவாயு வெடித்தால் தீ விபத்து என்றாவது வாதிடலாம். எரியாத கரியமில வாயுவுக்கு அந்த வழியும் அடைபட்டுள்ளது. நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்கு மாநிலம் செலவிடலாம். அது மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

நிலத்துக்கான இழப்பீடும் குறைவே. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ச் சட்டப்படி, குழாய் பதிக்கும் உரிமைக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தரப்படும். பயிர், மரச் சேதத்துக்குத் தனியே இழப்பீடு உண்டு. நிலம் விவசாயியிடமே இருக்கும். ஆனால் அதன் மேல் கட்டடம் எழுப்பவோ மரம் நடவோ முடியாது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுசெல்லும் கெயில் திட்டத்தை கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்ட விவசாயிகள் எதிர்த்ததற்கு இது முக்கியக் காரணம். உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அபாயத்தை நிரந்தரமாகச் சுமப்பவருக்குக் கிடைத்த விலை பத்தில் ஒரு பங்கு.

முன்கூட்டியே முடிவு தேவை

நிதி ஏற்பாட்டைத் தள்ளிப்போடுவதன் விலையை நாடு ஏற்கெனவே அறியும். போபால் வழக்கில் கூடுதல் இழப்பீடு கோரிய மத்திய அரசின் மனுவை 2023 மார்ச் 14-இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், காப்பீடு எடுக்காமல் விட்டது அரசின் பெரும் அலட்சியம் என்று கண்டித்தது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் மாற்று வழியைக் காட்டியுள்ளது. 2024-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், புதிய கரியமில வாயுக் குழாய்களுக்கு 2026 ஜூலை வரை தற்காலிகத் தடை விதித்ததுடன், நிறுவனங்களிடம் கட்டணம் வசூலித்து அவசரகாலத் திட்டமிடலுக்கும் பயிற்சிக்கும் அம்மாநிலம் நிதி திரட்டியது.

இந்தியாவிலும் இது இயலாததல்ல. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு டன்னுக்கும் சிறு கட்டணம் வசூலித்துத் தனி நிதியில் சேர்க்கலாம். அதிலிருந்து வழியோர மாவட்டங்களுக்கு மீட்புக் கருவிகள் வாங்கலாம். உயிரிழப்புக்கான தொகையை விலைவாசிக்கேற்பத் தானே உயருமாறு நிர்ணயிக்கலாம். பெருநகரங்களுக்காகவும் ஆலைகளுக்காகவும் குழாய் செல்லும்போது, அது கடக்கும் ஊர்களின் பாதுகாப்புச் செலவை அவற்றால் பயன்பெறுவோர் ஏற்பதே முறை. ரூ.20 ஆயிரம் கோடிக்கான விதிமுறைகளை வகுக்கும்போதே இதையும் சேர்ப்பது எளிது. குழாய் புதைந்த பின், விபத்து நடந்த பின் எழுதப்படும் விதி, முதலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவாது.